நிக்காந்த்ரோவுக்குப் பழம் தெரியாது

நிக்காந்த்ரோ சலாப்பா முப்பத்தொரு வருஷம் அவகாடோ அறுத்தவர். தான்சீத்தரோ மலையைச் சுற்றித் தன் கழி படாத தோப்பே கிடையாது என்று சொல்லிக்கொள்வார். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதியே ஒரு மனிதனுக்குத் தாராளம். நீளக் கழி, நுனியில் கத்தி, கத்திக்குக் கீழே ஒரு துணிப்பை. ஏணியில் நின்றபடி கழியை நீட்டி, காம்பில் கத்தியை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் காய் பைக்குள் விழும். காம்பு நகக்கண் அளவுக்குக் காயோடு நிற்க வேண்டும், தோலில் கீறல் கூடாது, மண்ணில் விழுந்த காயைப் பெட்டியில் போடக் கூடாது. இந்த மூன்றில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. தவறிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. அவர் மனைவி எர்மீனியாவைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வாள்.

அவருடைய அப்பாவுக்குத் தோப்பு கிடையாது, மக்காச்சோளக் காடுதான். எங்கள் பக்கத்தில் சோளம் போட்டவர்களெல்லாம் அவகாடோ வைத்து மாடிவீடு கட்டியபோது, அந்த மனிதர் "மரம் காய்க்கறதுக்குள்ள எதைத் தின்னறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் நிலத்தைப் பங்கு பிரித்தே கரைத்துவிட்டார். மகனுக்கு வாய்த்தது அடுத்தவன் மரத்தில் ஏறும் வேலை. அதில் மகனுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மகள்களை உருவாப்பான் நகரத்தில் கட்டிக்கொடுத்தார், கூரையைச் சிமெண்டாக மாற்றினார். மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு மரம் கீழிருந்துதான் தெரியும், எனக்கு மேலிருந்தும் தெரியும் என்பார். அறுப்பாளி என்ற பெயரே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

போன ஆகஸ்ட் மழையில் ஏணி வழுக்கியது. வலது தோள் உடைந்தது. உருவாப்பானில் தகடு வைத்துத் திருகாணி போட்டு அனுப்பினார்கள். இப்போது கை காதுவரை எழும், அதற்கு மேல் எழாது. சட்டை போடலாம், சாப்பிடலாம், விறகுகூட அடுக்கலாம். கழி பிடிக்க முடியாது.

நான்கு மாதம் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று நான் சொல்கிறேன், எர்மீனியாவைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வாள். பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தார். கோழிகளுக்குப் புத்தி சொன்னார். தினமும் காலை ஐந்தரைக்கு அறுப்பு வண்டி தெருவில் போகும்போது காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்றார். அழவில்லை. ஆனால் வண்டி முனையில் திரும்பி மறைகிறவரை ஒரு வாய் காப்பியும் குடிக்கவில்லை.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை எவோதியோ வந்தான். அறுப்புக் கூட்டத்துக்குத் தலைவன் அவன், நாற்பது வயது. நிக்காந்த்ரோவிடம்தான் கழி பிடிக்கக் கற்றவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அண்ணே, ஒரு இடம் இருக்கு வண்டியில."

"யாரு போனா?"

"யாரும் போகல. உங்க இடந்தான். நாலு மாசமா காலியா வச்சிருக்கேன். இனிமே முடியாது. பன்னெண்டு பேருன்னா பன்னெண்டு பேரு, பதினொண்ணோட ஓடுறது நமக்குத்தான் நஷ்டம்."

"நான்தான் ஏற முடியாதேப்பா."

"ஏற வேணாம். சோத்துக்கு."

எங்கள் தோப்புகளில் பதினோரு மணிக்குச் சாப்பாடு. அவரவர் வீட்டிலிருந்து மக்காச்சோள ரொட்டியும் அவரைக்கொட்டையும் கொண்டுவருவார்கள். ஆனால் யாராவது ஒருவன் அரை மணி முன்னால் இறங்கி, நெருப்பு மூட்டி, ரொட்டிகளைச் சூடாக்கி, எல்லோருக்கும் பொதுவாக அவகாடோ மசியல் செய்ய வேண்டும். அது இல்லாமல் அறுப்பாளி சாப்பிட மாட்டான். முறை வைத்துச் செய்கிறார்கள். யாருக்கும் அந்த முறை பிடிக்காது, இறங்குகிற நேரத்தில் எத்தனை பெட்டி நிரப்பலாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்வார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்த மசியல் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

"நிரந்தரமா ஒரு ஆள் வேணும்ணே. சாப்பாடு, பெட்டிக்குச் சீட்டு ஒட்டுறது, கீழ விழுந்ததைப் பொறுக்கறது. நான் உங்க பேரச் சொன்னேன். நம்ம கூட்டத்துக் காசிமீரோ அவன் மச்சினனைச் சொல்றான். அந்தப் பய சமைக்கவும் செய்வானாம், ஏறவும் செய்வானாம்."

"காசிமீரோவா சொன்னான்?"

"அவன்தான். சரி, வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுல சாப்பிடறோம். நீங்க செய்ங்க. சாப்பிட்டுட்டு கை தூக்கட்டும். பெரும்பாலானவங்க தூக்கினா இடம் உங்களுக்கு."

"செய்றேன்" என்றார் நிக்காந்த்ரோ. உள்ளே அடுப்படியில் எர்மீனியா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. தோப்பில் அவர் முறை வந்தபோதெல்லாம் எர்மீனியா வீட்டிலேயே அரைத்து டப்பாவில் கொடுத்துவிடுவாள்.

அந்த வாரம் வகுப்பு நடந்தது. எர்மீனியா மூன்றுகால் கல்லுரலைத் தரையில் வைத்தாள், குழவியை அவர் கையில் கொடுத்தாள், தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அடுப்படியில் அவள் உட்கார்ந்து அவர் நின்றது அன்றுதான் முதல் தடவை, அதை அவள் நன்றாகவே அனுபவித்தாள்.

"முதல்ல உப்பும் பச்ச மிளகாயும். கல்லுப்பு போடுங்க, அதுதான் மிளகாயைப் பிடிச்சு அரைக்கும். அதோட கொஞ்சம் வெங்காயம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

"ஒரு அளவு சொல்லுடி."

"உங்க அம்மா எனக்குச் சொன்ன அளவுதான் நானும் சொல்றேன்."

அவர் அரைத்தார். தோளுக்குக் கீழேதான் வேலை என்பதால் வலிக்கவில்லை. மிளகாய் விழுதானதும் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு இரண்டு சுற்று. அதன் பிறகுதான் பழம். அடுப்புக்கு மேலே தொங்கிய கூடையிலிருந்து ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாக அறுத்து, கொட்டையை எடுத்து, கரண்டியால் வழித்து உரலில் போட்டார். பழக்கதோஷத்தில் சுழற்றிச் சுழற்றி அரைக்க ஆரம்பித்தார்.

"அரைக்காதீங்க! அமுக்குங்க. கட்டி இருக்கணும். குழந்தைக்கு ஊட்டறதுக்கா செய்றீங்க?"

"எலுமிச்சை?"

"பழம் நல்லாருந்தா எலுமிச்சை எதுக்கு? காசிமீரோ மாதிரி புளிப்பு கேக்கறவங்களுக்குத் தனியா வெட்டி வைங்க."

"கறுக்காம இருக்கணும்னா கொட்டைய உள்ள போட்டு வைக்கணும்பாங்களே."

"போட்டா கொட்டைக்குக் கீழ இருக்குற இடம் மட்டும் கறுக்காது. செஞ்ச உடனே தின்னா எதுவும் கறுக்காது."

திங்கள் தண்ணீராகிப்போனது. செவ்வாய் உப்பு கரித்தது. புதன்கிழமை எர்மீனியா ஒரு ரொட்டியைக் கிழித்து, உரலிலிருந்து அள்ளித் தின்று, பேசாமல் இன்னொரு ரொட்டியைக் கிழித்தாள். நிக்காந்த்ரோவுக்கு அதுவே சான்றிதழ். அன்று ராத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை வியாழக்கிழமை அவரே கெடுத்துக்கொண்டார். எர்மீனியா சோளம் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். விருந்துக்கு எத்தனை பழம் தேறும் என்று பார்க்க, கூடையை இறக்கினார். பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஒன்றில் காற்றில் கிளை உரசிய தழும்பு. ஒன்றில் பூச்சி நடந்த கோடு. ஒன்று காம்பில்லாதது. ஒன்று கோணல். எல்லாம் தோப்பில் கழித்துப் போட்டவை. அறுப்பாளி வீட்டில் வேறென்ன இருக்கும், நல்லது பெட்டிக்குப் போகும், சொத்தை வீட்டுக்கு வரும். முப்பத்தொரு வருஷம் இந்தமாதிரிக் காயைத் தூக்கி எறியவே பழகிய கண் அது. பதினோரு அறுப்பாளிகள் வந்து உட்காருகிற இடத்தில் இந்தச் சொறிபிடித்த தோல்களை அறுத்துப் போட்டால் என்ன நினைப்பார்கள்?

கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போய், பின்தெருவில் காசிமீரோவின் மனைவி ஒப்துலியாவிடம், "பன்னிக்குப் போடு தங்கச்சி" என்று கொடுத்துவிட்டார். அவள் கூடைக்குள் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சரி என்று பழங்களைக் கொட்டிக்கொண்டு கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கிருந்து நேரே, தனக்குத் தெரிந்த தோப்பில் முதல்தரக் காயாக முப்பது கேட்டு வாங்கிவந்தார். ஒரே அளவு, ஒரு கீறல் இல்லை, எல்லாவற்றிலும் காம்பு நகக்கண் அளவு. கூடையில் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

எர்மீனியா மாவு வாளியோடு வந்தாள்.

"கூடையில இருந்தது எங்க?"

"பன்னிக்குக் கொடுத்தாச்சு. இதப் பாரு."

அவள் பார்த்தாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். வாயைத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் நிக்காந்த்ரோ. "அரைக்கறது உன் வேலை, நீ சொன்னே, நான் கேட்டுக்கிட்டேன். காய் என் வேலை. முப்பத்தொரு வருஷம் அறுத்தவன்கிட்ட வந்து காயப் பத்திப் பேசாத."

"சரி, பேசல" என்றாள்.

பேசமாட்டேன் என்றால் எர்மீனியா பேசமாட்டாள். ஒருதடவை சின்னவள் கல்யாணத்தின்போது பதினேழு நாள் பேசாமல் இருந்தவள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிக்காந்த்ரோவை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவகாடோ மரத்தில் பழுக்காது. அறுத்த பிறகுதான் பழுக்கும். அறுப்பாளி அறுக்கும்போது அது கல். பெட்டியில் ஏறும்போது கல். லாரி ஏறும்போதும் கல். அது பழமாகிறபோது வேறொரு தேசத்தில் வேறு யாரோ ஒருவரின் சமையலறையில் இருக்கிறது. அவர் வீட்டிலோ அது உரலுக்கு வரும்போதே பழமாகத்தான் வருகிறது. நடுவில் நடப்பது கூடைக்குள் நடக்கிறது. எர்மீனியா ஒவ்வொரு நாளும் கூடையில் கைவிட்டு, கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து, மேலே இருப்பதைத் துணியில் சுற்றி வைத்து, புதிதை அடியில் தள்ளி, ஒரு நாள்கூடப் பழம் இல்லாமல் போகாதபடி பார்த்துக்கொண்டாள். வீட்டில் எப்போதும் பழம் இருந்ததால், பழம் எப்போதும் இருக்கும் என்றே அவர் நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடையில் கை வைத்தார். கல். சரி, குளிர், ராத்திரி அடுப்பின் பக்கத்தில் வைத்தால் இளகும் என்று இறக்கி வைத்தார். பாதியைச் சோளக் குதிருக்குள் புதைத்தார். நான்கைந்தை வாழைப்பழத்தோடு பையில் கட்டித் தன் போர்வைக்குள்ளேயே வைத்துப் படுத்தார். எர்மீனியா திரும்பிப் படுத்துக்கொண்டாள், பேசவில்லை.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பக் கூடையில் அடுக்கினார், கல்லாகவே இருந்தன. போர்வைக்குள் படுத்தது மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. அதை அறுத்தார். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது, கொட்டை வர மறுத்தது. சீவிச் சீவி உரலில் போட்டுக் குழவியால் அமுக்கினால், துண்டு எகிறி உரலைவிட்டு வெளியே போய் விழுந்தது. கோழி ஓடிவந்து கொத்திப் பார்த்துவிட்டு அப்பால் போனது. ஒன்றை வேகவைத்தார். வெந்தது. வாயில் வைத்தால் வேப்பங்காய் தோற்றது.

மணி பத்து. ஒரு மணிக்கு வண்டி ஆட்கள் வருவார்கள். நிக்காந்த்ரோ உரலின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பயம் வந்தது. இந்த இடமும் போய்விட்டால், நாளையிலிருந்து சாகிறவரை ஜன்னல்தான். அதை அவர் அவ்வளவு தெளிவாக அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"எர்மீனியா."

அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றதுன்னு சொல்லு."

"காய் உங்க வேலைன்னு சொன்னீங்க."

"தெரியாம சொல்லிட்டேன். போதுமா? சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வரும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். வரவில்லை.

"ஒப்துலியா பழுத்த பழத்தப் பன்னிக்குப் போடற அளவுக்குக் கிறுக்கி இல்ல. போயி கேளுங்க."

"காசிமீரோ வீட்டுலயா? இன்னிக்கா?"

"வேற எங்க போவீங்க?"

வேறு எங்கும் போக முடியாதுதான். எங்கள் ஊரில் எதையும் வாங்கலாம், அவகாடோ வாங்க முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமாக நிற்கிற ஊரில் எவன் கடை வைப்பான்? வீட்டுக்கு வீடு கூடை இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்பது யார்? தோப்பில் குடியிருந்தவன், அறுப்பாளி, போய் ஒரு வீட்டு வாசலில் நின்று அவகாடோ இருக்கிறதா என்று கேட்பதைவிடத் தெருவில் துணியில்லாமல் நடப்பது மேல். நிக்காந்த்ரோ தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

நல்லவேளை, காசிமீரோ மச்சினனைக் கூட்டிவர பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தான். ஒப்துலியா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அந்தப் பழம்..."

"எந்தப் பழம்ணே?"

"பன்னிக்குக் கொடுத்தேனே."

அவள் நுரைக் கையோடு நிமிர்ந்து, ஒரு கணம் அவரைப் பார்த்து, அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்கிறவரை அவர் காத்திருந்தார்.

"அண்ணே, விழுந்ததுல தோள் மட்டுந்தான் உடைஞ்சுதுன்னு சொன்னாங்க. தலையைப் பாக்கலையா? அதப் போயி யாராச்சும் பன்னிக்குப் போடுவாங்களா!"

சோளத்தோகை போட்டுவைத்த ஒரு பீப்பாயைக் காட்டினாள். உள்ளே பழங்கள் கறுத்து, மங்கலாக, தழும்போடும் கோணலோடும் படுத்திருந்தன. அவர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"குத்தாதீங்க! குத்தின இடம் கறுத்துப் போகும். உள்ளங்கையில வச்சு மெதுவா மூடுங்க. கை சொல்லும்."

மூடினார். கை எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றை மூடினார். ஆறாவதோ ஏழாவதோ கையில் வந்தபோது வித்தியாசம் பிடிபட்டது. இது இன்றைக்கு, அது நாளை மறுநாளைக்கு. பதினாறு எடுத்தார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாத."

"நானா போயி சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். எந்தம்பிக்குத்தான் அந்த இடம் கிடைக்கணும்னு எனக்கும் ஆசைதான், தெரிஞ்சுக்கோங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பழங்களைத் தன் தோள்துணியிலேயே கட்டிக் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு வந்தார்கள். எவோதியோ, பத்து அறுப்பாளிகள், காசிமீரோவின் மச்சினன். முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். எர்மீனியா அவரைக்கொட்டையும் வறுத்த பன்றிக்கறியும் வைத்தாள். நிக்காந்த்ரோ எல்லோர் முன்னாலும் உரலை வைத்து அங்கேயே செய்தார். உப்பு, மிளகாய், வெங்காயம், தழை. பழத்தை வழித்துப் போட்டார், அமுக்கினார், அரைக்கவில்லை.

பேச்சு நின்றது. எங்கள் ஆட்கள் சாப்பாட்டைப் பாராட்ட மாட்டார்கள், பேச்சை நிறுத்துவார்கள். உரல் காலியாகி இரண்டாவது தடவை செய்தார், அதுவும் காலியானது. காசிமீரோ நாலாவது ரொட்டியால் உரலின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே, "சுமாரா இருக்கு மச்சான்" என்றான்.

தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனவன் அங்கிருந்து கத்தினான்.

"யோவ் நிக்காந்த்ரோ, இதென்னய்யா? ஏத்துமதிக் காய கூடை நெறைய வச்சிருக்க?"

கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பச்சைக் காய்கள் ஒரே அளவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இன்னிக்குச் செய்யணும்னு இதையா வாங்கி வச்சே? அப்ப நாங்க தின்னது யார் வீட்டுப் பழம்?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. மகள் அனுப்பினாள் என்று சொல்லியிருக்கலாம். நிக்காந்த்ரோ எர்மீனியாவைப் பார்த்தார். அவள் ரொட்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கும் நாளை மறுநாளும் இந்த ஆட்களோடுதானே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"உன் வீட்டுப் பழம்தான்" என்றார். "என் வீட்டுல இருந்த நல்ல பழத்தத் தழும்பு இருக்குன்னு உன் பன்னிக்குக் கொடுத்தேன். உன் சம்சாரம் பத்திரமா வச்சிருந்தா. காலையில போயி கையேந்தித் திரும்ப வாங்கிட்டு வந்தேன். எனக்குக் காய் தெரியும்டா. பழம் தெரியாது. ஏறி எறங்குன இத்தன வருஷத்துல கத்துக்கல."

முற்றமே சிரித்தது. ஒருவனுக்குப் புரையேறியது. காசிமீரோ தொடையில் அடித்துக்கொண்டான்.

"பழமே தெரியாத ஆளு நமக்குப் பதினோரு மணிக்குச் சோறு போடப்போறாராம்! எவோதியோ, கேட்டுக்கிட்டியா?"

எவோதியோ சிரிக்கவில்லை. கூடையை வாங்கி ஒரு காயை எடுத்தான்.

"காசிமீரோ, இது என்னிக்குப் பழுக்கும்?"

"இதா? புதன்கிழம."

"நீ சொல்லு." அடுத்தவனிடம் நீட்டினான்.

"வெள்ளி இருக்கும்."

"அடுத்த ஞாயிறு" என்றான் இன்னொருவன். "ரெண்டு நாள்" என்றான் மச்சினன். ஒருவன் காயை மோந்து பார்த்தான், ஒருவன் காதருகே வைத்து ஆட்டினான், கடைசியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"எர்மீனியா அக்கா?"

"பன்னெண்டு நாள்" என்றாள் அவள், காயைத் தொடாமலே. "குளிர் கூடுனா பதினாலு."

"பதினோரு அறுப்பாளி" என்றான் எவோதியோ. "என்னையும் சேத்து. ஒரு பயலுக்கும் தெரியல. அண்ணனுக்கு இன்னிக்குக் காலையிலயாச்சும் தெரிஞ்சிருக்கு. சரி, கை தூக்குங்க."

நிக்காந்த்ரோ உரலைக் கழுவப்போவதுபோல் திரும்பிக்கொண்டார். எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது. ஆறு கை. போதும். காசிமீரோ தூக்கவில்லை, தூக்காததை மறைக்கவும் இல்லை. கிளம்பும்போது, "எம்மேல கோவம் வச்சுக்காத மச்சான், அவன் வேலையில்லாம இருக்கான்" என்றான். "நானும்தான் இருந்தேன்" என்றார் நிக்காந்த்ரோ. இரண்டும் உண்மைதான்.

எல்லோரும் போன பிறகு அவர் பலகையில் உட்கார்ந்தார். எர்மீனியா பக்கத்தில் வந்தாள்.

"கிடைச்சிருச்சில்ல?"

"கிடைச்சிருச்சு." பலகையில் சிந்தியிருந்த உப்பைக் கையால் ஒதுக்கினார். "இனிமே என்னை அறுப்பாளின்னு சொல்ல மாட்டாங்க, எர்மீனியா."

"ஆமா. சொல்ல மாட்டாங்க."

அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். உண்மையைச் சொன்னதால் அழுதுவிட்டார். தோள் உடைந்தபோது வராதது, நாலு மாதம் ஜன்னலில் நின்றபோது வராதது, அவரைக்கொட்டைத் தட்டுகளுக்கு நடுவில் வந்தது. எர்மீனியா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு அது முடிகிறவரை இருந்தாள்.

"காலைல வண்டி வரும்" என்றாள் பிறகு. "கூடையில இருக்கறது பன்னெண்டு நாளைக்கு ஆகாது. அதுவரைக்கும் தெனமும் பன்னெண்டு பேருக்குப் பழம் வேணும். யார் வீட்டுல என்ன இருக்குன்னு பாக்க வேணாமா? எழுந்திரிங்க."

அவள் இன்னொரு கூடையை எடுத்துக் கொடுத்தாள். வெயில் இருக்கும்போதே, எல்லோரும் பார்க்கும்படி, முன்தெருவில் முதல் வீட்டுக் கதவை நிக்காந்த்ரோ தட்டினார். அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"பழுத்த அவகாடோ இருக்குமாம்மா?" என்று கேட்டார். "வண்டிக்கு வேணும்."

"உங்களுக்கா அண்ணே இல்லாமப் போச்சு!"

"எங்கிட்ட இருக்கறது காய்."

அவள் உள்ளே போய்த் தன் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நிக்காந்த்ரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து மூடினார். நாளைக்கானதைத் தன் கூடையில் போட்டார், மற்றதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.